ரிப்பனுக்குக் காத்திருந்த விளக்குப்பொறி

கோடையின் முதல் மழைக்கே நிலக்கடலைக் காட்டு அந்துப்பூச்சிகள் மண்ணை விட்டுக் கிளம்பிவிட்டன. அவற்றைப் பிடிக்கும் விளக்குப்பொறிகளோ, மந்திரி ரிப்பன் வெட்டட்டும் என்று வேளாண் ஆபீஸ் கிடங்கில் பூட்டிக் கிடந்தன. மந்திரி தேதி கொடுக்க ஒரு மாதமாயிற்று.

“நாளைக்கு மந்திரி பார்க்கிறப்போ பொறி நிறையப் பூச்சி இருக்கணும். இல்லேன்னா உனக்கு வேலை இல்லை” என்றார் அதிகாரி, ஆபீஸ் பெருக்கும் பூங்காவனத்திடம்.

மறுநாள் மந்திரி ரிப்பனை வெட்டிப் பொறியைத் திறந்தார். உள்ளே கம்பளிப்புழுக்கள் நெளிந்தன.

“அந்துப்பூச்சி எங்கேம்மா?” என்று பக்கத்தில் நின்ற பூங்காவனத்தைக் கேட்டார்.

“அது மழையோடவே வந்துச்சுங்க. பொறி பூட்டிக் கெடந்துச்சு, முட்டை வச்சுட்டுச் செத்துப்போச்சு. இதுங்க அதோட புள்ளைங்க, நான்தான் பொறுக்கிப் போட்டேன். என் அரை ஏக்கர் கடலையையும் தின்னுட்டுதான் உங்களைப் பார்க்க வந்திருக்குதுங்க.”

மந்திரி ஒரு பொறியை அவள் கையில் கொடுத்து, போட்டோவுக்கு நின்றார்.

“வாங்கிக்கிறேங்க” என்றாள் பூங்காவனம். “செடி எப்போ கொடுப்பீங்க?”