கூப்பிடுமுனை

பறவையும் நரியும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், வடகடலின் கோடியில் பெயரில்லாத ஒரு கரும்பாறை முனை இருந்தது. இரு பக்கமும் வரும் நீரோட்டங்கள் அதன் நுனியில் மோதிச் சுழலும். அதைத் தாண்டினால் கரையே கிடையாது. உச்சியில் இருந்த புல்சரிவில் கறுப்பு முதுகுக் கடற்பறவைகள் முட்டையிட்டன. நரிக்குப் பயந்து அவை வாயைத் திறப்பதில்லை.

கோடைத் தொடக்கத்தில் ஒரு நாள், மிநிக் என்பவன் தோல்படகில் சீல் என்னும் கடல்நாய் வேட்டைக்குப் போயிருந்தான். திடீரென்று மூடுபனி இறங்கியது. அவன் மனைவி அவியாயா கயிற்றுச் சுருளோடு முனைக்கு ஓடினாள். கரை எந்தப் பக்கம் என்று அவனுக்குத் தெரிய வேண்டுமே. தொண்டை கட்டிப்போகும்வரை கத்தினாள். பதில் இல்லை.

பக்கத்தில் அடைகாத்திருந்த பறவையிடம் குனிந்தாள். "எனக்காக நீங்கள் கூப்பிடுங்கள்."

"கூப்பிட்டால் நரிக்கு எங்கள் இடம் தெரிந்துவிடும்."

"வந்தால் நான் தடுக்கிறேன். இங்கிருந்து நகரமாட்டேன்."

"சத்தியமாகவா?"

"சத்தியம்."

சரிவு முழுவதும் ஒரே குரலாக அலறியது. வெகுநேரம் கழித்து, பனிக்குள்ளிருந்து, "வருகிறேன்" என்று மெலிதாகக் கேட்டது.

நரியும் வந்தது. அவியாயா கல்லை எறிந்தாள். அது நாலடி விலகி உட்கார்ந்துகொண்டது.

"எனக்கு அவசரமில்லை" என்றது நரி.

அப்போது கீழேயிருந்து மிநிக்கின் குரல் வந்தது. "அவியாயா, சுழல் இழுக்கிறது. கயிற்றைப் போடு."

அவள் நரியைப் பார்த்தாள். பறவை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் கயிற்றோடு கீழே ஓடினாள்.

முதல் வீச்சு தண்ணீரில் விழுந்தது. இரண்டாவதை மிநிக் பிடித்துக்கொண்டான். இருவரும் மேலே ஏறி வந்தபோது சரிவெங்கும் முட்டையோடுகள் கிடந்தன.

"நகரமாட்டேன் என்றாய்" என்றது பறவை.

அவியாயா குனிந்து ஒரு முட்டையோட்டைக் கையில் எடுத்தாள்.

பறவைகள் எழுந்து பாறையின் செங்குத்தான முகத்துக்குப் போயின. நரி கால் ஊன்ற முடியாத, உள்ளங்கை அகல விளிம்புகளில் போய் உட்கார்ந்தன.

"இனி கூப்பிடவே மாட்டீர்களா?" என்று மிநிக் தயங்கிக் கேட்டான்.

"இங்கே நரி வராது. இனி எதற்கு வாயை மூட வேண்டும்?" என்றது பறவை.

அன்றிலிருந்துதான் அந்தப் பறவைகள் வெறும் பாறையில் முட்டையிட்டு ஓயாமல் குரல் கொடுக்கின்றன. பனியில் வழி தவறியவர்கள் அதைக் கேட்டுக் கரை சேர்ந்தார்கள். கூப்பிடுமுனை என்று பெயரும் வைத்தார்கள். எவ்வளவு பசித்தாலும் அங்கே யாரும் முட்டை எடுப்பதில்லை.