ஓடைக்குருவிக்கு வந்த நடுக்கம்

குருவிகளும் மனிதர்களும் ஒரே பேச்சுப் பேசின அந்தக் காலத்தில், வாலாட்டிக் குருவிக்கு அந்தப் பெயரே கிடையாது. ஓடைக்குருவி என்பார்கள். கல்லில் உட்கார்ந்தால் ஆடாது, அசையாது.

அந்த ஓடையில் மரவைத் தட்டால் மணல் அரித்துப் பொன் எடுக்கிறவள் வெள்ளச்சி. நாள் முழுக்க நின்றாலும் கடுகளவு கிடைக்கும், அவ்வளவுதான். ஒருநாள் வியாபாரி ஒருவன் மூங்கில் குழாயில் பாதரசம் கொடுத்தான்.

"மணலோடு சேர்த்துப் பிசை. பொன்னை அதுவே பொறுக்கி உருண்டையாத் திரளும். உருண்டையைச் சுட்டா ரசம் போயிடும், பொன் நிக்கும்."

எங்கே போகும் என்று அவள் கேட்கவில்லை.

பொன் சுடும்போது கதவு திறந்திருந்தால் பொன்னும் புகையோடு ஓடிவிடும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. வெள்ளச்சி கதவைச் சாத்தி, இடுக்கெல்லாம் சேறு அப்பினாள். தூளியில் கைக்குழந்தை. கஞ்சி காய்ச்சும் அடுப்பிலேயே உருண்டையை வைத்தாள்.

உத்தரத்தில் குருவி கூடு கட்டியிருந்தது.

"அக்கா, கதவைத் திற. என்னமோ வருது."

"வாசமும் இல்ல, நிறமும் இல்ல. என்னத்தடி வருது?"

"அதான் பயமா இருக்கு. தூளியையாவது வெளிய கட்டு."

"புழு தின்னுட்டுத் திரியுற உனக்குப் பொன்னப் பத்தி என்ன தெரியும்? சும்மா இரு."

உருண்டை மெல்ல மஞ்சளானது. குருவியின் வால் ஒருமுறை துள்ளியது.

"அக்கா, என் வால் என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது."

வெள்ளச்சி சிரித்தாள். தினமும் சுட்டாள்.

ஒரு மாதம் போனது. பால் கொடுக்கும்போது குழந்தையின் விரல்கள் அவள் மார்பில் படபடவென்று தட்டின. பிடித்துப் பார்த்தாள். நிற்கவில்லை. மேலே பார்த்தாள். குருவியின் வாலும் அதே வேகத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடி, மிச்ச ரசத்தை ஓடையில் கவிழ்த்தாள். "தொலைஞ்சுது சனியன்!"

குருவி அலறிக்கொண்டு வந்தது. "அடிப்பாவி, ஓடையிலயா ஊத்துன? என் சனம் பூரா இங்கதான் இரை பொறுக்குது! உன் பிள்ளை குடிக்கிறதும் இந்தத் தண்ணிதானே!"

வெள்ளச்சி தண்ணீரில் விழுந்து அள்ளினாள். ரசம் சின்னச் சின்னக் கண்களாகச் சிதறி, அவளைப் பார்த்துக்கொண்டே கல்லுக்கடியில் நழுவியது. ஒரு துளிகூடக் கையில் நிற்கவில்லை.

குழந்தை பிழைத்தது. ஆனால் கடைசிவரை ஒரு வாய் கஞ்சியைத் தானாகக் குடித்ததில்லை.

அந்தக் குருவி இனம் முழுக்க வாலாட்டித் திரிவது அன்றைக்குத் தொடங்கியதுதான். பேச்சும் அத்தோடு போய்விட்டது. ஓடையில் கை வைக்கிறவர்களிடம் 'வேண்டாம்' என்று சொல்ல, அதற்கு வால் மட்டும்தான் மிச்சம்.