ஒன்பது கோல் வாங்கியவரிடம் ஒரு கேள்வி

"பையன்கள் பயப்படுறாங்க டீச்சர். அந்தப் பயத்தை எப்படி எடுக்கிறது?"

கேட்டவர் குணசீலன். நாட்டுக் கால்பந்து அணியின் பயிற்சியாளர். வயது ஐம்பத்தெட்டு.

கேட்கப்பட்டவர் பிலோமினா. வியாசர்பாடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். வயது நாற்பத்தொன்று. ஒரு காலத்தில் பெண்கள் அணியின் கோல்கீப்பர்.

குருவைவிடச் சீடருக்குப் பதினேழு வயது அதிகம். ஞானம் பிறந்த தேதி பார்த்து வருவதில்லை.

பிலோமினாவைத் தேடிப் பலர் வருவார்கள். அவர் கோப்பை எதுவும் வாங்கியதில்லை. ஒரே ஆட்டத்தில் ஒன்பது கோல் வாங்கினார். மூன்றாம் நாள் அடுத்த ஆட்டத்தில் அதே கம்பங்களுக்கு நடுவில் போய் நின்றார். அதற்காகத்தான் வருவார்கள். ஜெயித்தவனிடம் போய்ப் பயத்தைப் பற்றி என்ன கேட்க முடியும்?

பிலோமினா ஒரு பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குப் பயப்படுறாங்க?"

"பந்துக்கு. பந்து கால்ல வந்த உடனே பின்னாடி தள்ளிடுறாங்க. நெருப்பைத் தொட்ட மாதிரி."

பிலோமினா பந்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"பந்துக்கு யாரும் பயப்பட மாட்டாங்க சார். நாளைக்குக் காத்தால வரேன்."

குணசீலனின் கதை ஊருக்கே தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

போன மாதம் முடிந்த தொடரில் நம் அணி மூன்று ஆட்டம் ஆடியது. மூன்றும் தோல்வி. கடைசி ஆட்டத்தில் கேப்டன் மரியநேசனின் காலில் பட்ட பந்து நம் வலைக்குள்ளேயே போனது. சேம் சைடு கோல்.

அன்று சாயங்காலம் மரியநேசனின் கொடும்பாவியை எரித்தார்கள். பிறகு வீட்டின் மேல் கல் விழுந்தது. அவர் மகளுக்கு ஆறு வயது. கட்டிலுக்கு அடியில் போனவள் மறுநாள் மதியம்தான் வெளியே வந்தாள்.

கால்பந்துச் சங்கத்துக்காரர்கள் கூடிப் பேசினார்கள். கிழடு தட்டிய அணி, புது ரத்தம் வேண்டும் என்றார்கள். பதினொரு வருடம் ஆடிய மரியநேசனை அணியிலிருந்து எடுத்தார்கள். அவரோடு இன்னும் ஏழு பேரை. பள்ளிப் படிப்பு முடித்த ஈரம் காயாத பையன்களைக் கொண்டுவந்து நிறுத்தி, "கட்டுங்க அணியை" என்று குணசீலனிடம் சொன்னார்கள்.

எட்டாம் தேதி அடுத்த ஆட்டம்.

குணசீலனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்பது நாளாக அவர் கனவில் ஒரே சத்தம், கண்ணாடி உடையும் சத்தம். யாரிடமும் சொல்லவில்லை. பையன்கள் பயப்படுகிறார்கள் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பிலோமினா வந்தார். மைதானத்துக்கு முதுகைக் காட்டி, குணசீலனுக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"டீச்சர், ஆட்டம் அந்தப் பக்கம் நடக்குது."

"தெரியும் சார். நீங்க உங்க வேலையைப் பாருங்க."

குணசீலன் வேலையைப் பார்த்தார். பயிற்சியாளர் வேலை பாதி கத்துவது.

"ஏறு, ஏறு! இடது பக்கம் காலியா இருக்கு! நேசா, ஆளைப் பிடி! நேசா, பந்தை வச்சுக்காத, முன்னாடி குடு!"

பந்து பின்னால் போனது.

"பார்த்தீங்களா? பார்த்தீங்களா? சொன்னேன் இல்ல?"

"நான் பார்க்கல. நீங்க கத்துங்க."

முக்கால் மணி நேரம் கத்தினார். தொண்டை கட்டியது. விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். பையன்கள் தண்ணீர் குடிக்கப் போனார்கள்.

"சார், மரியநேசன் எங்க?"

"அவனை எடுத்தாச்சே. வீட்ல இருப்பான்."

"நீங்க சொன்னீங்களா, எடுத்துட்டோம்னு?"

"சங்கத்துலேர்ந்து மெசேஜ் போயிருக்கும்."

"அப்ப இவ்ளோ நேரம் யாரைக் கூப்பிட்டீங்க?"

குணசீலன் தண்ணீர் குடிக்கும் பையன்களைப் பார்த்தார்.

பிலோமினா திரும்பி, ஆறாம் எண் சட்டை போட்ட பையனைக் கைகாட்டி அழைத்தார். ஒல்லியான பையன். ஓடி வந்தான்.

"உன் பேரு இன்னா கண்ணு?"

பையன் குணசீலனைப் பார்த்தான். சொல்லலாமா என்று கேட்கிற பார்வை.

"இசக்கிமுத்து, டீச்சர்."

"ஊரு?"

"தூத்துக்குடி பக்கம்."

"இவரு உன்னை என்னன்னு கூப்பிடுறாரு?"

"நேசான்னு."

"எத்தினி நாளா?"

"வந்த நாள்லேருந்து. இன்னையோட பன்னெண்டு நாளு."

குணசீலனுக்கு முகம் சுருங்கியது. வெட்கம் பிடுங்கித் தின்றது. பன்னிரண்டு நாள்! முகாமில் இருபத்துமூன்று பையன்கள், இரண்டு உதவிப் பயிற்சியாளர்கள், ஒரு டாக்டர். ஒருத்தருக்கும் சொல்ல வாய் வரவில்லையே.

"ஏன்டா, நீயாவது சொல்லக் கூடாதா? என் பேரு அது இல்ல சார்னு?"

பையன் காலால் புல்லைத் தேய்த்தான்.

"சொல்லத்தான் நெனைச்சேன் சார். பொறவு இதுவும் நல்லதுதாம்னு விட்டுட்டேன்."

"என்ன நல்லது?"

"சார், கோவப்பட மாட்டியளே?"

"சொல்லு."

"எட்டாம் தேதியும் அப்படியே கூப்பிடுங்க சார். நேசான்னே கூப்பிடுங்க. என் பேரைக் கத்தாதீங்க."

"ஏன்?"

பையன் குரல் இறங்கிவிட்டது. குனிந்துகொண்டே சொன்னான்.

"எங்க அம்மை ஒத்தைக்கு இருக்கா சார். நேசண்ணன் வீடு காங்கிரீட்டு. எங்க வீடு ஓடு."

வெயில் சுள்ளென்று அடித்தது. குணசீலனுக்குக் குளிரெடுத்தது. கனவில் கேட்ட கண்ணாடிச் சத்தத்துக்குப் பதிலாக இப்போது ஓடு உடையும் சத்தம் கேட்டது, பட்டப்பகலில், விழித்திருக்கும்போதே.

"போ கண்ணு. போய்த் தண்ணி குடி" என்றார் பிலோமினா.

பையன் போனான்.

குணசீலன் கேட்டார்.

"எல்லாப் பையனுக்கும் இதேதானா டீச்சர்?"

"கேட்டுப் பாருங்க."

"கேட்க பயமா இருக்கு."

அன்றுதான் பயம் என்ற வார்த்தையை அவர் தன் கணக்கில் சொன்னார்.

பிலோமினா நாற்காலியை மடக்கினார்.

"சார், ஒண்ணு கேக்கறேன். மரியநேசன் வீட்ல கல்லு உழுந்துச்சே, அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"ஏர்போர்ட் பக்கத்துல, ஹோட்டல்ல. வெளிய வராதீங்கன்னு சங்கத்துல சொன்னாங்க. பின்பக்க வழியா கூட்டிட்டுப் போனாங்க."

"பசங்களுக்கு இது தெரியுமா?"

டிவியில் காட்டியிருந்தார்கள். தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு குணசீலன் வேனில் ஏறியதை நாடே பார்த்திருந்தது.

"நான் என்ன செய்யணும் டீச்சர்?"

"என்னைக் கேட்டா? நான் கீப்பரு சார். எனக்கு நிக்க மட்டும்தான் தெரியும்."

நாற்காலியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் போய்விட்டார். பள்ளிக்கூடத்தில் அவருக்கு மூன்றாவது பீரியட் இருந்தது.

ஆறாம் தேதி குணசீலன் விடியற்காலையில் எழுந்தார். மனைவியை எழுப்பி, "கொஞ்ச நாள் மகள் வீட்டுல இரு" என்றார்.

"எதுக்கு?"

"இரேன்."

முப்பது வருடம் குடித்தனம் நடத்தியவள். முகத்தைப் பார்த்தாள், பையை எடுத்தாள்.

அவளைப் பேருந்தில் ஏற்றிவிட்டு மரியநேசன் வீட்டுக்குப் போனார். ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதிலாக அட்டை ஒட்டியிருந்தது. மூன்று முறை மணி அடித்தார். உள்ளே ஆள் நடமாடும் சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை. அது நியாயம்தான் என்று பட்டது. வாசலிலேயே நின்று, சொல்ல வேண்டியதை மூடிய கதவிடம் சொன்னார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் இறங்கினார்.

பதினோரு மணிக்குச் செய்தியாளர் கூட்டம். நாற்பது மைக். பின்வரிசையில் பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

குணசீலன் பட்டியலைப் பிரித்தார். மேசையில் வைத்துக்கொண்டார்.

முதல் ஐந்து பெயரை வாசித்தார்.

"ஆறாம் எண், இசக்கிமுத்து."

பின்வரிசையில் பையன் கண்ணை மூடிக்கொண்டான்.

மீதி ஐந்தையும் வாசித்து முடித்தார். ஒரு நிருபர் எழுந்தார். குரலில் நையாண்டி.

"சார், எல்லாம் பால் மணம் மாறாத பசங்க. ஆறாம் நம்பருக்குப் பதினெட்டுதான். எட்டாம் தேதி இவன் கோட்டை விட்டா, ஜனங்க யார்கிட்ட போய்க் கேட்கிறது?"

குணசீலன் தண்ணீர் குடிக்கப் பார்த்தார். டம்ளர் பல்லில் இடித்தது. திரும்ப வைத்துவிட்டார்.

"எழுதிக்குங்க" என்றார்.

பேனாக்கள் தயாரானது தெரிந்தது.

"எண் பதினேழு, நாலாவது குறுக்குத் தெரு, பெருமாள் நகர். தண்ணித் தொட்டிக்கு எதிர்ப்புறம், பச்சை கேட்."

"இது என்ன சார்?"

"என் வீடு. ராத்திரி பகல் எந்நேரமும் இருப்பேன். தெருவைப் பார்த்து ரெண்டு ஜன்னல். நாய் கிடையாது."