தளிர் தின்ற காவல்காரன்

ஒரு காட்டில், ஓடை வளைந்து திரும்பும் இடத்தில் ஒரு மண்கரை இருந்தது. அதில் வளை தோண்டி ஒரு பெருச்சாளி தன் குட்டிகளோடு குடியிருந்தது. போன மழையில் கரையில் பாதி இடிந்து ஓடையோடு போய்விட்டது. மீதிக் கரையைப் பிடித்து நிறுத்த, அங்கே முளைத்திருந்த நாவல் கன்றுகளை விட்டால் வேறு கதி இல்லை.

"கவலையை விடு அக்கா. கன்றுகளை நான் காவல் காக்கிறேன்" என்றது குரங்கு. கேட்காமலே யோசனை சொல்வது அதற்குக் கைவந்த கலை.

மறுநாளே அது கன்றுகளின் நுனித் தளிர்களைக் கிள்ளித் தின்னத் தொடங்கியது.

"ஐயோ, என்ன காரியம் செய்கிறாய்!" என்று பெருச்சாளி பதறியது.

"நுனியைக் கிள்ளினால் பலமெல்லாம் வேருக்கு இறங்கும். இதுகூடத் தெரியாதா?"

தளிர் நல்ல ருசியாகவும் இருந்தது. அதை மட்டும் குரங்கு சொல்லவில்லை.

சில நாள் கழித்துப் பெருச்சாளி மண்ணுக்குள் போய்ப் பார்த்தது. கிள்ளிய கன்றுகளின் வேர்கள் எலிவால் போல ஒற்றையாகத் தொங்கின. முட்புதரை ஒட்டி நின்றதால் தப்பிய ஒரு கன்றின் வேர் மட்டும் நாலாபக்கமும் கிளைவிட்டு மண்ணை இறுக்கியிருந்தது.

"தம்பி, நுனித் தளிரில் ஒரு சாறு ஊறிக் கீழே இறங்குகிறது. அது வந்தால்தான் வேர் கிளைக்கிறது" என்றது பெருச்சாளி.

"மண்ணுக்குள் கிடக்கும் உனக்கு மரத்தைப் பற்றி என்ன தெரியும்?"

"சரி, நீ கிள்ளிய கன்று ஒன்றை இழுத்துப் பார். பிறகு முட்புதர்க் கன்றை இழு."

குரங்கு அலட்சியமாக ஒற்றைக் கையால் இழுத்தது. கன்று வேரோடு வந்துவிட்டது. அடுத்ததை இழுத்தது, அசையவில்லை. காலை ஊன்றி இரண்டு கையாலும் இழுத்தது. கை வழுக்கி ஓடைக்குள் மல்லாக்க விழுந்தது.

"உன் குட்டிகளை நானே ஓடையில் தள்ளப் பார்த்தேனே!" என்று நனைந்த குரங்கு தலையில் கைவைத்துக்கொண்டது.

"மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. மற்றவை மறுபடி துளிர்க்கும். நீ தின்னாமல் இருந்தாலே போதும்."

கன்றுகள் துளிர்த்தன. தளிர் தேடி வந்த மான்களைக் குரங்கு விரட்டியது. தனக்கு எச்சில் ஊறும்போதெல்லாம் கையைக் கட்டிக்கொண்டது. மண்ணுக்குள் வேர்கள் கிளைவிட்டு ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன.

மழை கொட்டித் தீர்த்தது. வெள்ளம் நாள் முழுதும் கரையை முட்டியது, கரை இடியவில்லை. வெள்ளம் வடிந்ததும் குட்டிகள் வளையிலிருந்து எட்டிப் பார்த்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. அதைக் கண்ட மகிழ்ச்சியில் குரங்கு விக்கி விக்கி அழுதது.

நீதி: உதவ வேண்டும் என்ற எண்ணம் மட்டும் போதாது, எது உதவும் என்று தெரிந்துகொண்டு உதவ வேண்டும்.