சங்குக்குக் காவி

நாய்க்குக் குளிராது என்பது உலகம் ஒப்புக்கொண்ட உண்மை. ஒப்புக்கொள்ளாதது நாய் ஒன்றுதான். அதை யாரும் கேட்டதில்லை.

இந்தக் கருத்தை முதலில் சொன்னவர் யார் என்று தெரியவில்லை. சொன்னபோது அவர் போர்வைக்குள் இருந்திருப்பார் என்று மட்டும் ஊகிக்கலாம். சடை நாய்களைப் பொறுத்தவரை இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. சிப்பிப்பாறை நாயைப் பொறுத்தவரை அதுவும் கிடையாது. கரிசல் காட்டு வெயிலில் முயலை விரட்டப் பிறந்த ஜாதி அது. அதன் தோலுக்கு மேல் இருப்பதை முடி என்று சொல்வதைவிட நிறம் என்று சொல்வதே பொருந்தும்.

அப்படிப்பட்ட நாய்கள் இரண்டு, மேல்மலையில் ஒரு சிறிய மடத்தில் இருந்தன. மடத்தின் பூண்டு வயலைக் காட்டுப்பன்றி கிண்டுகிறது என்று கேள்விப்பட்டு, கோவில்பட்டிப் பக்கத்து பக்தர் ஒருவர் கொண்டுவந்து விட்டுப்போனவை. வெள்ளையாக இருந்தது சங்கு. கறுப்பாக இருந்தது கரியன்.

மார்கழி பிறந்தது. புல்லின் மேல் உறைபனி படிந்தது. பன்றிகள் வழக்கம்போல வந்தன. நாய்கள் நடுங்கின.

ஆனால் வக்கீல் அரியநாயகம் அன்று காலை குருவிடம் கேட்டது நாய்களைப் பற்றி அல்ல.

“அம்மா, எனக்கு எப்போ காவி?”

உலகம்மை அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மடத்தின் தலைமை அவருடையது. வயதில் அரியநாயகத்துக்கு மகளாக இருக்கலாம். மடத்தில் தீட்சை பெறாதவர்கள் வெள்ளை உடுத்துவார்கள், பெற்றவர்கள் காவி. மதுரையில் வழக்காடி ஓய்ந்து மலையேறி வந்த அரியநாயகம் நான்கு வருஷமாக வெள்ளையில் இருந்தார்.

“துணி இருக்கா?” என்றார் அம்மா.

இருந்தது. வந்த முதல் வாரமே வாங்கிய கம்பளிச் சால்வை. காவிக்கல்லை இழைத்து அவரே தோய்த்தது. டிரங்குப் பெட்டிக்குள் அந்துருண்டைகளோடு காத்திருந்தது.

“இருக்கும்மா.”

“எடுத்துட்டு வாங்க.”

அரியநாயகம் ஓடுவதை மடம் அன்றுதான் பார்த்தது.

அம்மா சால்வையை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார். கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

“நல்ல கனம். குனிங்க.”

அரியநாயகம் கண்களை மூடிக்கொண்டு குனிந்தார்.

“குனிஞ்சு அந்தச் சங்கைப் பிடிங்க. ஓடிறப் போவுது.”

அவர் கண்ணைத் திறந்தார். சங்கைப் பிடித்தார்.

அம்மா அரிவாள்மணையில் துணியை வைத்து இரண்டு இடத்தில் கீறினார். முன்னங்கால்களுக்கு. பிறகு சால்வையை நாய்க்கு மாட்டி, வயிற்றுக்கடியில் ஒரு முடிச்சுப் போட்டார்.

“இதுதான் ரெண்டுல நோஞ்சான். தை பொறக்கிற வரைக்கும் ரெண்டும் உங்க பொறுப்பு வக்கீலய்யா. ராத்திரியில நனையாம, குளிராம பாத்துக்கணும். தை ஒண்ணாந்தேதி வந்து கேளுங்க.”

“என்ன கேக்கணும்?”

“இப்பக் கேட்டதைத்தான்.”

சமையல்காரப் பவளம் அடுக்களை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

“என்ன வக்கீல் சாமி, உங்களுக்கு முந்தி நாய் சாமியாயிருச்சே!”

“போய் வேலையைப் பாரு.”

“நாய்க்கு எங்கிட்டுக் குளிரும்? நல்ல கம்பளியைக் கிழிச்சு வீணாக்கிட்டாங்க அம்மா. எனக்குக் குடுத்திருந்தாலும் ஒரு புண்ணியம்.”

மறுநாள் மூடுபனிக்குள் ஏறிவந்த பக்தர் ஒருவர், வாசலில் காவி முதுகு ஒன்றைக் கண்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்தபோதுதான் யாரென்று தெரிந்தது. பாதியில் விடுவது மரியாதையல்ல என்று கும்பிட்டு முடித்துவிட்டே போனார்.

அரியநாயகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. இதில் சட்டப் பிரச்சினை ஒன்று இருந்தது.

மதுரையில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த வழக்கு ஒன்று உண்டு. ஒரு மடாதிபதி கோபத்தில் தன் சீடரின் காவியைப் பறித்துவிட்டார். சீடருக்காக அரியநாயகம் வாதாடினார். ‘குருவின் கையால் ஏறிய காவியைக் குருவேகூட இறக்க முடியாது.’ வென்றார். அந்த வாதத்தில் அன்று யாரும் ஓட்டை கண்டுபிடிக்கவில்லை. அவரும் கண்டுபிடிக்கவில்லை.

இப்போது குருவின் கையால் சங்கின் மேல் காவி ஏறியிருந்தது. வாதத்தில் நாய் என்றும் மனிதர் என்றும் பிரிவு ஏதும் இல்லை.

அதுவரை இரண்டு நாய்களும் அடுக்களைச் சுவருக்குப் பின்னால் படுத்து வந்தன. அடுப்பின் சூடு அந்தச் சுவரில் தங்கும். பழைய பலகை, அதன்மேல் வைக்கோல், அதற்குள் எது யாருடைய கால் என்று தெரியாமல் இரண்டு நாய்கள்.

துறவி ஒருவர் துறக்காத ஒருவரோடு இப்படிக் கட்டிப் புரண்டு படுக்கலாமா? கூடாது. அரியநாயகம் சங்கை முன்மண்டபத்துக்குக் கூட்டிப்போனார். அழகான மண்டபம். கல் தரை. சுவர் இல்லை, தூண் உண்டு.

சங்கு ஊளையிட்டது.

“ஏன் சாமி அதைப் பிரிச்சு வச்சிருக்கீங்க?” என்றாள் பவளம்.

“அதுதான் முறை.”

“ஊளையிடுதே!”

“தனிமைக்குப் பழகுது.”

“உங்களுக்குப் பழகிருச்சா?”



மார்கழிக் கடைசியில் ஒரு சாயங்காலம் சாரல் பிடித்துக்கொண்டது. பன்றிகள் வயலில் இறங்கின. நாய்கள் விரட்டிக்கொண்டு ஓடின. திரும்பி வந்தபோது இரண்டும் தொப்பலாக நனைந்திருந்தன.

கரியன் மூக்கிலிருந்து வால் வரை ஒரு முறை சிலிர்த்தது. வைக்கோலில் புரண்டது. அதன் கதை அவ்வளவுதான்.

சங்கும் சிலிர்த்தது. சால்வை சிலிர்க்கவில்லை. அதன் ஓரங்களிலிருந்து தண்ணீர் சொட்டியது.

அரியநாயகம் முடிச்சில் கை வைத்தார். சாதாரண முடிச்சு. இழுத்தால் வந்துவிடும்.

கையை எடுத்துக்கொண்டார்.

அம்மாவைக் கேட்கலாமா என்று யோசித்தார். குருவேகூட இறக்க முடியாது என்ற பிறகு குருவைக் கேட்டு என்ன ஆகப்போகிறது?

தன் அறைக்குப் போய், தன்னிடம் இருந்த இரண்டு கம்பளிகளையும் எடுத்துவந்தார். ஈரச் சால்வைக்கு மேல் ஒன்று. அதற்கும் மேல் இன்னொன்று. அன்றிரவு ஒரு துண்டை மட்டும் போர்த்திக்கொண்டு படுத்தார். பல் கிட்டிப்போயிற்று. தியாகம் செய்த திருப்தி இருந்ததால் தூக்கம் வராததை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

விடிந்தது. கரியன் கொட்டாவி விட்டபடி வந்து அவர் காலை நக்கியது.

சங்கு வரவில்லை.

மண்டபத்துக்குப் போனார். கூப்பிட்டார். கம்பளிகளுக்குள்ளிருந்து ஒரு கண் மட்டும் அவர் பக்கம் திரும்பியது. வால் அசையவில்லை.

“அம்மா!”

அந்தக் குரலுக்கு அம்மாவும் ஓடிவந்தார்; பவளமும் ஓடிவந்தாள். அம்மா கம்பளிக்குள் கையை விட்டார். கையை வெளியே எடுத்துப் பார்த்தார். ஈரமாக, சிவப்பாக இருந்தது.

“நான் என்ன சொன்னேன்?”

“குளிராம பாத்துக்கச் சொன்னீங்க. என் கம்பளி ரெண்டையும் போட்டேன்ம்மா. நான் வெறுந்தரையில கிடந்தேன்.”

“குளிராமங்கிறதுக்கு முன்னால?”

ஒரு வாக்கியத்தில் எந்தச் சொல் முன்னால் வருகிறது என்பதை வைத்தே அவர் எத்தனையோ வழக்குகளை ஜெயித்திருக்கிறார். “நனையாம” என்றார்.

“ஏன் அவுக்கலை?”

“காவி, அம்மா.”

“அதனால?”

“நீங்க கட்டினது. குரு கையால ஏறினதை…”

நிறுத்தினார். வாதத்தைப் பாதியில் விட்டது அவர் வாழ்நாளில் அதுவே முதல் தடவை.

அம்மா முடிச்சை இழுத்தார். அது அவிழ்ந்தது.

சால்வையின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்தார். “முறுக்குங்க.”

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்று முறுக்கினார்கள். மண்டபத் தரையில் செந்நீர் ஓடியது. ஓடி முடிந்தபோது கையில் மிஞ்சியது சாயமில்லாத ஆட்டு ரோம நிறத்தில் ஒரு கம்பளித் துணி. மீதிக் காவி சங்கின் முதுகில் இருந்தது.

அரியநாயகம் துணியைப் பார்க்கவில்லை.

“பொழைச்சுக்குமா?”

“தெரியலை. அடுப்படிக்குத் தூக்கிட்டு வாங்க.”

“அடுக்களைக்குள்ள நாயா?” என்றாள் பவளம்.

அம்மா உள்ளே போய், அடுப்பின் பக்கத்தில் இருந்த சோற்றுப் பானையைத் தள்ளி வைத்தார். அந்த இடத்தில் அரியநாயகம் உட்கார்ந்தார்.

காய்ந்த சாக்கால் நாயைத் துடைத்தார். சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, சங்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். விலா எலும்புகள் அவர் விலாவில் இடித்தன. கரியன் நைசாக உள்ளே வந்து மறுபக்கம் ஒட்டிப் படுத்தது. அதை யாரும் விரட்டவில்லை. எது யாருடைய கால் என்று மறுபடியும் தெரியாமல் போயிற்று.

உச்சி ஜபத்துக்கு மணி அடித்தது. அவர் காதில் விழவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் நாயின் உடம்பு வெடவெடவென்று நடுங்கத் தொடங்கியது.

“அம்மா, நடுங்குது! ரொம்ப நடுங்குது!”

“நல்லது.”

“நல்லதா?”

“காலையில அதுக்கு நடுங்கக்கூடத் தெம்பில்லை.”

விளக்கு வைத்த பிறகு பவளம் கரண்டியில் வெதுவெதுப்பாகக் கஞ்சி கொண்டுவந்து நீட்டினாள். சங்கு மோந்து பார்த்தது. ஒரு நக்கு நக்கியது. பிறகு கரண்டியையே நக்கித் தீர்த்தது.

“வவுத்துக்குள்ள போயிருச்சுல்ல, இனிமே எந்திரிச்சிரும்” என்றாள் பவளம். பிறகு அவரை மேலும் கீழும் பார்த்தாள். “ஏன் சாமி, உங்க கோலத்தைப் பாத்தீங்களா?”

அரியநாயகம் குனிந்து பார்த்தார். சட்டை, வேட்டி, தோளில் கிடந்த துண்டு, எதிலும் வெள்ளை மிச்சமில்லை.

“அடிச்சுத் துவைக்கணும்” என்றார். நாயின் காதுக்குள் ஈரம் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தார்.

வாசலில் நின்றிருந்த அம்மா அதைப் பார்த்துவிட்டுப் போனார்.

போகியன்று மடத்துத் துணிகள் எல்லாவற்றையும் பெரிய அண்டாவில் ஊறப்போட்டார்கள். அரியநாயகமும் தன்னுடையதைக் கொண்டுவந்து போட்டார்.

மறுநாள் தை பிறந்தது. பொங்கல் பொங்கி இறக்கியாயிற்று. அரியநாயகம் வரவில்லை. அம்மா ஆளனுப்பிக் கூப்பிட வேண்டியிருந்தது. தலையெல்லாம் வைக்கோல் துரும்போடு வந்து நின்றார்.

“வக்கீலய்யா, இன்னிக்கு என்னமோ கேக்கணும்னு இருந்தீங்களே.”

“ஆமாம்மா. நல்லவேளை ஞாபகப்படுத்தினீங்க.”

“கேளுங்க.”

“வைக்கோல் நமுத்துப்போச்சு. கீழேயிருந்து ரெண்டு கட்டு வேணும். நாலஞ்சு சாக்கும் வேணும். பழசா இருந்தாலும் பரவாயில்லை, ஈரம் மட்டும் இருக்கக் கூடாது.”



“வேற?” என்றார் அம்மா.

அரியநாயகம் யோசித்தார்.

“சாக்கு ஆறா இருந்தா நல்லது.”

மாட்டுப் பொங்கலன்று ஜீப்பில் வைக்கோல் வந்தது. அதே ஜீப்பில் மதுரையிலிருந்து புதிதாக நான்கு பக்தர்களும் வந்தார்கள். போகிக்கு அண்டாவில் ஊறிய துணிகள் எல்லாவற்றிலும் காவி லேசாகப் பிடித்திருந்தது. பவளம் உடுத்தியிருந்த சந்தன நிறச் சேலையிலும் பிடித்திருந்தது.

ஜீப் சத்தம் கேட்டு அவள் கரண்டியும் கையுமாக வெளியே வந்தாள். நான்கு பேரும் அவள் காலில் விழுந்தார்கள்.