ரெண்டு எந்தக் கட்டிலில்?

ஆபரேஷன் வார்டின் வலியையெல்லாம் ஒரே எண்ணில் அடக்கிவிட்டதாகப் பெரிய டாக்டர் துரையரசனுக்குத் தலைகால் புரியாத பெருமை. "பத்துக்கு எவ்வளவு வலின்னு அஞ்சு கட்டில்லயும் கேட்டாச்சு. சராசரி ரெண்டுதான். இனிமே ஊசி கிடையாது, எல்லாருக்கும் மாத்திரை போதும்!"

பயிற்சி நர்ஸ் எஸ்தர் பணிவாகத் தலையாட்டினாள். "சரிங்க ஐயா. அந்த ரெண்டு எந்தக் கட்டில்ல படுத்திருக்குன்னு காட்டுங்க, கொடுத்துடுறேன்."

"இதென்ன பிரமாதம்!" என்று கிளம்பினார். நாலு கட்டிலிலும் "வலியே இல்லைங்க" என்று சிரித்தார்கள். ஐந்தாவதில் காத்தாயி. பல்லைக் கடித்துக்கொண்டு அவர் கையை இறுக்கிப் பிடித்தாள். "ஆ!" என்றார் டாக்டர்.

"கிடைச்சிருச்சுங்களா ஐயா?" என்றாள் பின்னாலேயே வந்த எஸ்தர். "ரெண்டு உங்க கையில இருக்கு. பத்தும் அந்த அம்மாகிட்ட இருக்கு."

அவர் கையை உருவிக்கொள்ளவில்லை.

"ஊசியைக் கொண்டு வாம்மா. அதுவரைக்கும் பிடிச்சுக்கட்டும்."