கொட்டாவிக்கு ஒரு சொல்

அன்று மத்தியானம் பந்தியில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். மடத்தை நடத்தும் பெரியநாயகி அம்மா. அவரைவிடப் பதினெட்டு வயது மூத்தவரும் அவருக்குச் சீடருமான தவசிமுத்து. போலீசில் நாய்ப் பிரிவில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். லாரி ஓட்டி இடுப்பு போனதும் மடத்துத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள வந்த நாகலிங்கம். சமையல் செய்யும் குருவம்மாள். சங்கரன்கோவிலிலிருந்து முதல் தடவையாக வந்திருந்த ஒரு கணவன், மனைவி. பரிமாறிய நான். ஏழு பேர். வாசலுக்கு வெளியே கொட்டாவி. அதையும் சேர்த்து எட்டு. சேர்க்கத்தான் வேண்டும்.

கொட்டாவி எங்கள் நாய். குட்டியாக வந்து சேர்ந்த அன்று, எல்லோரும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தபோது நடுவில் வந்து நின்று சத்தமாகக் கொட்டாவி விட்டது. அம்மாவே சிரித்துவிட்டார். பெயர் அப்படியே நின்றுவிட்டது.

வளர்ந்ததும் அதற்கு ஒரு கெட்ட பழக்கம் வந்தது. திறந்திருந்த எதிலும் வாய் வைத்தது. வடித்து இறக்கிய சோறு, உறை ஊற்றிய பால், ஒரு தடவை பூசைக்கு வைத்த பொங்கல். குருவம்மாள் விளக்குமாற்றை எடுத்தால் ஓடும், கீழே வைத்தால் திரும்பி வரும். வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றுகூடப் பேச்சு வந்தது.

தவசிமுத்துதான் வேண்டாம் என்றார். ஒரு மாதம் தன்னிடம் விட்டுப் பார்க்கச் சொன்னார்.

அவர் அதை அடிக்கவில்லை, திட்டவில்லை. தட்டில் சோற்றைப் போட்டு முன்னால் வைப்பார். உட்காரச் சொல்வார். "எடுத்துக்கோ" என்று அவர் சொன்ன பிறகுதான் அது வாய் வைக்கலாம். முந்திக்கொண்டால் ஒன்றும் சொல்லாமல் தட்டை எடுத்துவிடுவார். மறுபடி வைப்பார். எத்தனை தடவையானாலும் முகம் கோணாது.

அது படிந்த பிறகு எங்களையும் கூப்பிட்டார். நாகலிங்கத்தை பிஸ்கட் நீட்டச் சொன்னார். குருவம்மாளை நெய் தடவிய தோசையைக் காட்டச் சொன்னார். நாங்கள் கெஞ்சினாலும் கொஞ்சினாலும் அது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். திருட வருகிறவன் முதலில் நாய்க்குத்தான் சோறு போடுவான் என்பது அவர் அனுபவம். கடைசியில் அவரே உருண்டை பிடித்து அதன் வாயருகே கொண்டுபோவார், ஆனால் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார். அதற்கும் அது வாயை இறுக்கி மூடிக்கொண்டது. அன்றுதான் அவர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அதற்கப்புறம் குருவம்மாள் பானையை மூடாமலே கோவிலுக்குப் போய் வந்தாள். ஏட்டையா கை நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் ஒரு தடவையாவது சொல்வாள். எங்கள் எல்லோருக்குமே அந்த நன்றி இருந்தது.

தவசிமுத்துவுக்கு வேறொரு குறை. அவருக்கு வாய் அதிகம்.

எங்கள் மடத்தில் விரும்பியவர்கள் பதினான்கு நாள் மௌனம் இருக்கலாம். அம்மா வலது மணிக்கட்டில் ஒரு மஞ்சள் கயிறு கட்டுவார். நடுவில் பேசிவிட்டால் கயிற்றை அறுத்துவிடுவார். மூன்று முறை அறுபட்டால் பிறகு அந்தக் கயிற்றைக் கேட்கக் கூடாது. மடத்தில் இருக்கலாம், எல்லா வேலையும் செய்யலாம். கயிறு மட்டும் கிடையாது.

கொட்டாவியைப் பழக்குவதற்கு முன்பே தவசிமுத்துவுக்கு இரண்டு முறை அறுபட்டிருந்தது. முதல் முறை பால்காரர் வந்த அன்று, இது பாலா இல்லை பால் கழுவின தண்ணீரா என்று கேட்டுவிட்டார். இரண்டாம் முறை நாகலிங்கம் ஒரு போலீஸ் கதையைத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அதைத் திருத்தாமல் அவரால் இருக்க முடியவில்லை. நாகலிங்கம் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னான் என்பது பின்னால்தான் தெரிந்தது. அதற்கு அவன் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் நிஜம்.

முப்பது வருடம் கத்தியே சம்பளம் வாங்கியாயிற்று, சாவதற்குள் இந்த வாய்க்கு இரண்டு வாரம் லீவு கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று எங்களிடம் சொல்வார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் இரவில் தனியாக உட்கார்ந்து வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருப்பார்.

மூன்றாவது முறை கயிறு கட்டும்போது அம்மாவிடம் கேட்டார்.

"ஒரு நாய்க்கு வாயை அடக்கச் சொல்லிக் கொடுத்துட்டேன், அம்மா. எனக்கு ஏன் வர மாட்டேங்குது?"

அம்மா முடிச்சைச் சரிபார்த்தார்.

கயிறு கட்டிக்கொண்ட அன்று காலை அவர் வழக்கம்போலக் கொட்டாவிக்குத் தட்டு வைத்தார். அது உட்கார்ந்தது. அவர் முகத்தைப் பார்த்தது. அப்போதுதான் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். கையை அசைத்து, தின்னு என்பதுபோலக் காட்டினார். கையைத் தூக்கினால் அசையாமல் இரு என்று அவரே பழக்கியிருந்தார். அது இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தது.

யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பசி வந்தால் தானாகத் தின்னும் என்று குருவம்மாள் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினோம். மாலையில் தட்டு வைத்தபடியே இருந்தது. தவசிமுத்துவின் முகத்தில் அன்று கவலையோடு கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதை நான் பார்த்தேன்.

இரண்டாம் நாள் பெருமை இல்லை.

குருவம்மாள் பால் சோறு பிசைந்து ஊட்டிப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டது. தண்ணீர் மட்டும் குடித்தது, அதற்கு அவர் சட்டம் போட்டிருக்கவில்லை. நாகலிங்கம் மறைவாக நின்று, மார்பை நிமிர்த்தி, ஏட்டையா குரலில் "எடுத்துக்கோ" என்றான். எங்களுக்கே அவர் குரல் என்று தோன்றியது. கொட்டாவி காதைத் தூக்கியது, அந்தப் பக்கம் பார்த்தது, ஒரு கொட்டாவி விட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டது.

"இது நாயில்ல, வே. இன்ஸ்பெக்டரு" என்றான் நாகலிங்கம். யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

தவசிமுத்து தானே உருண்டை பிடித்து அதன் வாயருகே கொண்டுபோனார். அது பல்லைக் கடித்துக்கொண்டது. பெரிய சோதனை வருகிறது என்று நினைத்திருக்கும். வாலை மட்டும் ஆட்டியது. அவர் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டார்.

குருவம்மாள் அம்மாவிடம் போய் நின்றாள். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவர் பேசிவிடுவார், இல்லாவிட்டால் நாய் செத்துப்போகும் என்றாள். அம்மா கேட்டுக்கொண்டார். கயிற்றைக் கேட்டவர் அவர், பேசு என்று தான் எப்படிச் சொல்வது என்றார். மறுநாள் பந்திக்குக் கொட்டாவியின் தட்டையும் வாசல்படிக்கு வெளியே வைக்கும்படி என்னிடம் சொன்னார்.

மூன்றாம் நாள் அப்படியே வைத்தேன். கொட்டாவி மெதுவாக நடந்து வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தது. முன்னங்கால் இரண்டும் நடுங்கின.

எங்கள் பந்தியில் ஒரு வழக்கம் உண்டு. எல்லா இலையிலும் பரிமாறி முடித்ததும் அம்மா "சாப்பிடுங்க" என்பார். அதற்கு முன்னால் யாரும் இலையைத் தொடுவதில்லை. பரிமாறுகிறவனும் கடைசியாகத் தன் இலைக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டும்.

சோறு, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, அவரைக்காய்ப் பொரியல், இலைக்கு ஒரு அப்பளம். பரிமாறிவிட்டு உட்கார்ந்தேன்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

கைகளை மடியில் வைத்துக்கொண்டு தன் இலையைப் பார்த்தபடி இருந்தார். எதையோ மறந்துவிட்டேன் என்று நினைத்து நான் ஒவ்வொரு இலையாகப் பார்த்தேன். உப்பு இருந்தது. எல்லாம் சரியாக இருந்தது. குழம்பின் ஆவி அடங்கியது. அப்பளம் நமுத்துப்போனது. சங்கரன்கோவில்காரர் என்னவென்று மனைவியின் காதில் கேட்டார். அந்த அம்மாளுக்கு மட்டும் எப்படித் தெரியும். கொஞ்ச நேரம் பொறுத்து அவர் கை அப்பளத்தின் பக்கம் போயிற்று. அந்த அம்மாள் அதைத் தட்டிவிட்டார்.

ஒரு எறும்பு நாகலிங்கத்தின் இலையில் ஏறி, பொரியலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு தேங்காய்ப் பூவைத் தூக்கிக்கொண்டு இறங்கியது. அவன் அதைப் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

தவசிமுத்து முதலில் பரேடில் நிற்பவரைப்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கேட்க அவருக்கு வழியில்லை. நேரம் போகப் போக அம்மாவின் வாயைப் பார்க்க ஆரம்பித்தார். நாங்கள் எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த உதடு ஒரு தடவை அசைந்தால் போதும் என்று இருந்தது. எனக்கு வாயில் எச்சில் ஊறியது. வெட்கமாகவும் இருந்தது.

எப்போது திரும்பினார் என்று தெரியவில்லை. நான் பார்த்தபோது அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலுக்கு வெளியே தட்டு இருந்தது. கொட்டாவி தட்டைப் பார்க்கவில்லை. அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தவசிமுத்து எழுந்தார். பந்தியில் நடுவில் எழுந்திருப்பது எங்களிடம் வழக்கமில்லை. வாசல்படிக்குப் போய் அதன் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"எடுத்துக்கோ" என்றார்.

மூன்று நாள் பேசாத தொண்டை. காற்றுதான் வந்தது. கொட்டாவி தலையைச் சாய்த்து, நம்பாமல் அவரைப் பார்த்தது.

"எடுத்துக்கோ, ராசா. எடுத்துக்கோ."

அது தட்டில் தலையைக் கவிழ்த்தது.

அதே நேரத்தில் பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. "சாப்பிடுங்க."

நாங்கள் சாப்பிட்டோம். சோறு ஆறிப்போயிருந்தது. அப்படி ஒரு சாப்பாட்டை நான் அதற்கு முன்னால் சாப்பிட்டதில்லை. குருவம்மாள் அழுதுகொண்டே இரண்டாம் முறை குழம்பு கேட்டாள். தவசிமுத்து பாதியில் தட்டை எடுத்துக்கொண்டார். பட்டினி கிடந்த வயிற்றுக்கு ஒரேயடியாகப் போட்டால் வாந்தி எடுத்துவிடும், அது அவருக்குத் தெரியும். கொட்டாவி தகராறு செய்யவில்லை. அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு படுத்தது. அவர் அதன் காதைத் தடவியபடி வெகுநேரம் இருந்தார். அதற்கப்புறம்தான் கை கழுவிவிட்டு வந்து தன் இலையில் உட்கார்ந்தார். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

சாயங்காலம் அம்மா துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தவசிமுத்து வலது கையை நீட்டிக்கொண்டு போய் நின்றார்.

"அறுத்துடுங்க, அம்மா. மூணாவதும் போச்சு. வருத்தமில்ல."

அம்மா செம்பைக் கீழே வைத்தார். கயிற்றைப் பார்த்தார். முடிச்சு கொஞ்சம் தளர்ந்திருந்தது. அதை இழுத்து இறுக்கினார்.

"இங்க வந்ததிலிருந்து நீங்க எவ்வளவோ பேசியிருக்கீங்க, ஏட்டையா" என்றார். "நீங்க பேசி ஒரு வயிறு நிறைஞ்சது இன்னிக்குத்தான்."

தவசிமுத்து குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அவருடைய தோள் மட்டும் குலுங்கியது.

"கொட்டாவிக்கு உண்டான சொல்லை வேளை தவறாம அதுக்குக் கொடுத்துடுங்க. எங்ககிட்ட மட்டும் மௌனமா இருந்தாப் போதும். இன்னிக்குப் போக இன்னும் எத்தனை நாள் மீதி?"

சொல்வதற்காக அவர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

இரண்டு கைகளையும் கூப்பினார். பிறகு பிரித்து, பத்து விரலையும் விரித்துக் காட்டினார். அதற்கப்புறம் ஒரு விரல்.